பின்னக் கணக்கும் பைண்டிங் செலவும்: ஒரு செயல் ஆராய்ச்சி அனுபவம்

என் வகுப்பை நானே ஆராய்ந்ததற்கு என் சம்பளத்திலிருந்து போன தொகை 9,300 ரூபாய். புள்ளியியல் கணக்குப் போட்டுக் கொடுத்தவருக்கு 3,000, தட்டச்சு, வண்ணப் பிரதி, பைண்டிங் எல்லாம் சேர்த்து 2,600, ஆய்விதழ் என்று சொல்லிக்கொண்ட ஒன்றுக்கு 2,500, மாநாட்டுப் பதிவுக்கு 1,200. இதில் ஒரு ரூபாய்கூட என் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு பின்னக் கணக்கைப் புரியவைக்க உதவவில்லை. உதவியவை செலவே வைக்காத இரண்டு பொருள்கள். ஒன்று கைப்பேசியில் ஏற்கெனவே இருந்த ஒலிப்பதிவுச் செயலி, மற்றொன்று பாதி எழுதாமல் கிடந்த பழைய நோட்டு. இந்த விவரத்தை முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் ஒரு கல்வியாண்டின் பெரும்பகுதி எனக்கு மிச்சமாகியிருக்கும். எனக்கு யாரும் சொல்லவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். செயல் ஆராய்ச்சி, அதாவது ஆசிரியர் தன் வகுப்பின் சிக்கலைத் தானே ஆராய்ந்து மாற்றிப் பார்க்கும் வேலை, செய்து அறிக்கை தருமாறு உங்கள் பள்ளிக்கும் ஒரு நாள் கடிதம் வரலாம்.

நான் வடமாவட்டம் ஒன்றில் அரசு நடுநிலைப் பள்ளியில் கணிதப் பட்டதாரி ஆசிரியை. விருப்பமுள்ள ஆசிரியர்கள் செயல் ஆராய்ச்சி மேற்கொள்ளலாம் என்று சுற்றறிக்கை வந்தபோது யாரும் கேட்காமலே பெயர் கொடுத்தேன். பி.எட். படிக்கும்போது செயல் ஆராய்ச்சி என்ற பெயரில் முந்தைய ஆண்டு மாணவர்களின் ஏட்டைப் பார்த்துப் பெயரை மட்டும் மாற்றி எழுதிய கூட்டத்தைப் பார்த்தவள் நான். இந்த முறையாவது உண்மையாகச் செய்து பார்க்கலாமே என்ற ஆசை. அறிமுகக் கூட்டத்தில் கையில் ஒரு படிவம் கொடுத்தார்கள்: தலைப்பு, தேவையும் முக்கியத்துவமும், நோக்கங்கள், கருதுகோள், மாதிரி, கருவி, முன்தேர்வு, செயல்பாடுகள், பின்தேர்வு, புள்ளியியல் பகுப்பாய்வு, முடிவுகள், பரிந்துரைகள். முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சலவையில் போட்டுச் சுருக்கியதுபோல இருந்தது.

இந்தச் சிந்தனை எங்கிருந்து வந்தது என்று பிறகு தேடிப் படித்தபோதுதான் எனக்குக் கோபமே வந்தது. குர்ட் லெவின் என்ற சமூக உளவியலாளர் 1946-இல் இந்த முறையைப் பற்றி எழுதினார். திட்டமிடு, செய், என்ன நடந்தது என்று பார், அதை வைத்து மறுபடி திட்டமிடு என்பதுதான் அதன் சாரம். 1950களில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியைச் சேர்ந்த ஸ்டீஃபன் கோரி இதைப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தார். 1970களில் இங்கிலாந்தில் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ், வகுப்பறையை ஆராய வேண்டியவர்களில் ஆசிரியரே முதன்மையானவர் என்று வாதாடினார். இவர்கள் யாரும் ஆசிரியரை ஆய்வேடு போல ஐந்து அத்தியாயம் எழுதச் சொல்லவில்லை. வெளியிலிருந்து ஒருவர் வந்து உங்கள் வகுப்பை அளந்துவிட்டுப் போவதற்கு மாற்றாகத்தான் இந்த முறையே பிறந்தது. நம் கைக்கு வந்து சேர்ந்ததோ, ஆசிரியர் தன் வகுப்புக்குத் தானே அயலாராகி அளவெடுக்கும் வேலை.

முதல் தலைவலி தலைப்பு. நான் எடுத்துப் போனது மிகச் சிறிய சங்கதி. ஆறாம் வகுப்பில் மூன்றாம் பருவத்தில் பின்னங்கள் பாடம் வருகிறது. ஒவ்வோர் ஆண்டும் பாதி வகுப்பு 1/2 + 1/3 = 2/5 என்று எழுதும். தொகுதியைத் தொகுதியோடும், பகுதியைப் பகுதியோடும் கூட்டிவிடுவார்கள். பகுதி வேறுபடும் வேற்றினப் பின்னங்களுக்கு மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) கண்டுபிடிக்க வேண்டும் என்று எத்தனை முறை கரும்பலகையில் போட்டாலும், அடுத்த வாரம் 2/5 திரும்பி வந்துவிடும். ஏன் வருகிறது என்பதுதான் என் கேள்வி. கூட்டத்தை நடத்தியவர்கள் அது மிகவும் குறுகலாக இருக்கிறது என்று சொல்லி, “ஊரகப் பகுதி உயர்தொடக்கநிலை மாணவர்களின் கணிதத் திறனைப் புதுமை உத்திகள் வழி மேம்படுத்துதல்” என்று மாற்றிக் கொடுத்தார்கள். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். அட்டையில் அந்தத் தலைப்பு, நோட்டில் என் கேள்வி என்று இரண்டையும் வைத்துக்கொண்டேன். நீங்களும் அப்படிச் செய்யலாம் என்பேன். கேள்வி எவ்வளவு சிறிதாக இருக்க வேண்டும் என்றால், நாளை காலை முதல் பாடவேளையில் நீங்கள் எதையாவது மாற்றிச் செய்து பார்க்கக்கூடிய அளவுக்கு. “வீட்டில் படிப்பதற்கான சூழல் இல்லை” என்பது உண்மையான பிரச்சினைதான், ஆனால் உங்கள் கையில் இல்லாதது. உங்கள் கையில் இல்லாததை ஆராய்ந்தால் கடைசியில் பெற்றோரைக் குறை சொல்லும் ஒரு பத்திதான் மிஞ்சும்.

அடுத்து வந்தது கட்டுப்பாட்டுக் குழு. ‘அ’ பிரிவுக்குப் புதிய முறையில் நடத்து, ‘ஆ’ பிரிவுக்குப் பழைய முறையில் நடத்து, இரண்டையும் ஒப்பிடு என்றார்கள். இது எனக்குத் தூக்கத்தையே கெடுத்தது. இரண்டு பிரிவுக்கும் நான்தான் ஆசிரியை. நல்லது என்று நான் நினைக்கும் ஒன்றை ‘ஆ’ பிரிவுக்கு வேண்டுமென்றே கொடுக்காமல் இருப்பதற்கு எனக்கு என்ன உரிமை? மறுத்தேன். அப்படியானால் ஒற்றைக் குழு முன்தேர்வு, பின்தேர்வு, டி-சோதனை (இரண்டு சராசரிகளின் வேறுபாடு தற்செயலா என்று பார்க்கும் புள்ளியியல் கணக்கு) என்று இறங்கி வந்தார்கள். இதிலும் ஓட்டை இருக்கிறது. 34 பிள்ளைகளுக்கு ஒரு மாதம் பின்னம் நடத்தினால், எந்த உத்தியும் இல்லாமல் கரும்பலகையில் மட்டும் நடத்தினாலும் மதிப்பெண் கூடத்தான் செய்யும். நடத்துவதற்கு முன்னால் பாடமே தெரியாதே! அந்த வேறுபாட்டைச் சூத்திரத்தில் போட்டு “0.05 மட்டத்தில் குறிப்பிடத்தக்கது” என்று எழுதினால், பாடம் நடந்தது என்பதைத் தவிர வேறு எதுவும் நிரூபணமாவதில்லை. ஆனாலும் அட்டவணை இல்லாத அறிக்கையை வாங்க மாட்டார்கள். நகரத்தில் ஒரு தட்டச்சு நிலையத்தில் இதற்கென்றே ஒருவர் இருந்தார். மதிப்பெண் பட்டியலைக் கொடுத்தால் அட்டவணை, வரைபடம், விளக்கம் எல்லாம் வந்துவிடும். 3,000 ரூபாய் அங்கே போனது. பிறகுதான் அதே கணக்கை எக்செலில் ஒரே கட்டளையில் போட்டுவிடலாம் என்று எங்கள் கணினி ஆசிரியர் காட்டினார். எனவே, கட்டாயம் அட்டவணை வேண்டுமென்றால் பணம் கொடுக்காதீர்கள், நீங்களே போடுங்கள். அதோடு, எந்தப் பிள்ளை எந்த வகைத் தவறைச் செய்தது என்று கையால் ஒரு பட்டியல் எழுதிப் பாருங்கள். சராசரி மதிப்பெண் சொல்லாத பலவற்றை அந்தப் பட்டியல் சொல்லும்.

என் வகுப்பை ஒலிப்பதிவு செய்யத் தலைமையாசிரியரிடம் வாய்மொழியாக அனுமதி வாங்கியிருந்தேன். அவர் நல்ல மனிதர், “தாராளமாகச் செய்யுங்கள் டீச்சர்” என்றார். இடையில் மாறுதல் கலந்தாய்வு வந்தது, அவர் வேறு ஒன்றியத்துக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவருக்கு இது எதுவும் தெரியாது. அந்த நேரம் பார்த்து, டீச்சர் பிள்ளைகள் பேசுவதை எல்லாம் போனில் பிடித்து எங்கோ அனுப்புகிறார் என்று ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. ஒரு தாய் பள்ளி வாசலில் வந்து நின்று சத்தம் போட்டார். அவர்மேல் எனக்கு இன்றும் வருத்தம் இல்லை, பெண் பிள்ளையைப் பெற்றவருக்கு அந்தப் பயம் நியாயமானது. ஆனால் ஆசிரியர் அறையில் தனியாக உட்கார்ந்து அழுதேன். யாருக்காக இதைச் செய்கிறேன் என்று தோன்றிவிட்டது. பதிவை நிறுத்தி, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் வரும்வரை காத்திருந்து, அங்கே எல்லோர் முன்னிலையிலும் ஒரு பதிவைப் போட்டுக் காட்டினேன். அதில் பெரும்பாலும் என் குரல்தான் இருந்தது. பெற்றோர்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூட்டப் பதிவேட்டில் தீர்மானமாக எழுதிக் கையெழுத்தும் போட்டார்கள். அந்தச் சில வாரங்கள் போனது போனதுதான். மூன்றாம் பருவம் ஏற்கெனவே சிறியது. பொங்கல் விடுமுறை, ஆண்டு விழா எல்லாம் போக என்ன மிஞ்சும்? ஆகவே தொடங்குவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். எதைப் பதிவு செய்வீர்கள், யார் கேட்பார்கள், எப்போது அழிப்பீர்கள், பிள்ளைகளின் பெயருக்குப் பதில் எண் போடுவீர்களா என்று நான்கு வரி போதும். அலுவலகத்தில் ஒரு நகல், உங்களிடம் ஒரு நகல். மனிதர்கள் மாறிப்போவார்கள், காகிதம் அங்கேயே இருக்கும். வீடியோ வேண்டாம், ஒலி போதும். கேமராவைப் பார்த்தால் பிள்ளைகளும் நடிப்பார்கள், நாமும் நடிப்போம்.

அந்தப் பதிவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முழு ஆராய்ச்சியிலும் உருப்படியான பகுதி அதுதான். பாத்திரம் கழுவிக்கொண்டே இயர்போனில் என் வகுப்பைக் கேட்டேன். “அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டினால் என்ன வரும்?” என்று கேட்கிறேன். உடனே “சொல்லுங்கள், சொல்லுங்கள்” என்கிறேன். உடனே ஒரு பையனின் பெயரைச் சொல்கிறேன். அவன் வாயைத் திறப்பதற்குள் “மீ.சி.ம. என்ன? ஆறு, இல்லையா?” என்று நானே சொல்லிவிடுகிறேன். வகுப்பே “ஆமாம் டீச்சர்” என்கிறது. முடிந்தது. அடுத்த கணக்கு. இருபதாண்டு அனுபவமுள்ள ஆசிரியை என்று பெயர். 40 நிமிடப் பாடவேளையில் பிள்ளைகளின் குரலில் முழு வாக்கியம் ஒன்றைத் தேடிப்பிடிக்க வேண்டியிருந்தது. மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிவியல் கல்வியாளர் 1970களில் இதே போல் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டுக் கணக்கெடுத்திருக்கிறார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டினால் பதில்கள் நீளமாகின்றன, பேசாத பிள்ளைகள் பேசத் தொடங்குகிறார்கள் என்று அவர் கண்டார். பதில் வந்தபிறகும் அதே அளவு காத்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். இதைப் படித்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. கடல் கடந்தும் இதே கதைதான்.

மூன்று நொடி காத்திருப்பது எவ்வளவு கடினம் என்று செய்து பார்த்தால்தான் தெரியும். வகுப்பு அமைதியாக இருந்தால் எனக்குக் கை நடுங்கும். யாராவது வராந்தாவில் போனால், இந்த டீச்சர் சும்மா நிற்கிறார் என்று நினைப்பார்களோ என்று தோன்றும். சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு மனதுக்குள் எண்ணுவேன். முதலில் எதுவும் நடக்கவில்லை. பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள், பதிலை நான் சொல்லிவிடுவேன் என்று காத்திருந்தார்கள். அவர்களுக்கும் என் பழக்கம் அத்துப்படி. சில வாரம் விடாமல் செய்தபிறகுதான் பின்வரிசையிலிருந்து பதில்கள் வரத் தொடங்கின. அப்படி ஒரு நாள், 2/5 எப்படி வந்தது என்று கேட்டுவிட்டு நின்றபோது, அதுவரை கணக்கு வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண் எழுந்து சொன்னாள்: “டீச்சர், மார்க் அப்படித்தானே கூட்டுகிறீர்கள்?”

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. அவளே வந்து பலகையில் எழுதிக் காட்டினாள். பருவத்தின் நடுவே நடக்கும் வளரறி மதிப்பீடு ‘அ’வில் 17/20. ‘ஆ’வில் 12/20. பருவ இறுதித் தொகுத்தறித் தேர்வில் 41/60. மொத்தம் 70/100. மேலே உள்ளதை மேலே உள்ளதோடு, கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடு. ஒவ்வொரு பருவமும் நான்தான் இப்படிக் கூட்டி மதிப்பெண் சான்றில் எழுதிக் கொடுக்கிறேன். பின்னம் போலவே ஒரு கோடு, மேலே ஓர் எண், கீழே ஓர் எண். இதைவிட நியாயமான தவறு உலகத்தில் இருக்க முடியுமா? இத்தனை ஆண்டுகளாக நான் ‘கவனக்குறைவு’ என்று சிவப்பு மையில் எழுதிக்கொண்டிருந்தது, பிள்ளைகள் என்னிடமிருந்தே கவனமாகக் கற்றுக்கொண்டது. அன்று மாலை வீட்டுக்கு நடந்து போகும்போது எனக்கு இறக்கை முளைத்தது போன்ற மகிழ்ச்சி. டி-சோதனை தரவே தராத மகிழ்ச்சி அது.

மறுநாளிலிருந்து பாடத்தை மாற்றினேன். மீ.சி.ம.வைத் தள்ளி வைத்துவிட்டு மதிப்பெண்ணிலிருந்தே தொடங்கினேன். 17/20 என்பது 20 கேள்விகளில் 17, 12/20 என்பது வேறு 20 கேள்விகளில் 12, அதனால் மொத்தக் கேள்விகளும் கூடுகின்றன. ஆனால் ஒரே அளவுக் காகிதப் பட்டையில் பாதியையும், அதே அளவுப் பட்டையில் மூன்றில் ஒரு பங்கையும் ஒட்டினால் பட்டையின் அளவு கூடுகிறதா? காகிதத்தை மடித்து ஒட்டிப் பார்த்தார்கள். பிறகு கேட்டேன், 2/5 என்பது பாதியைவிடப் பெரிதா, சிறிதா? ஐந்தாக மடித்து இரண்டைப் பிரித்துக் காட்டியதும் ஒரே கூச்சல். பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் பாதியைவிடக் குறையுமா? அந்த ஒரு கேள்வி போதும், அதற்குப் பிறகு விடையைத் தாங்களே சந்தேகப்படத் தொடங்கினார்கள். ஆறு சமபாகமாக மடித்த பட்டையில் 3/6-ம் 2/6-ம் சேர்ந்து 5/6 ஆவதைக் கண்ணால் பார்த்தபிறகு மீ.சி.ம. தானாக வந்து பொருந்தியது.

இதையெல்லாம் நோட்டில் எழுதி வைத்ததால்தான் இன்று சொல்ல முடிகிறது. எழுதும் முறையைப் பற்றி ஒன்று. இரவு உட்கார்ந்து எழுதலாம் என்று வைக்காதீர்கள், நடக்காது. எமிஸ் என்ற கல்வித் துறை இணையதளத்தில் விவரப் பதிவேற்றம், வீட்டு வேலை எல்லாம் முடிந்தபின் நினைவிருப்பது “இன்று வகுப்பு நன்றாகப் போனது” என்ற ஒரு வரிதான். பாடவேளை முடிந்து மணியடித்த உடனே, அடுத்த வகுப்புக்கு நடப்பதற்குள், பிள்ளை சொன்ன வார்த்தையை அப்படியே, அது சொன்ன மொழியிலேயே எழுதுங்கள். உங்கள் கருத்தைப் பக்கத்தில் தனியாகக் கோடு போட்டு எழுதுங்கள். இரண்டும் கலந்துவிட்டால் பிறகு எது நடந்தது, எது நீங்கள் நினைத்தது என்று பிரிக்க முடியாது. அப்புறம், படித்துப் பார்க்க ஒருவர் வேண்டும். எங்கள் சமூக அறிவியல் ஆசிரியை எனக்கு வாய்த்தார். “அக்கா, அந்தப் பெண் சொன்னது சரி, மற்ற பிள்ளைகளும் அதனால்தான் அப்படிப் போடுகிறார்களா, நீங்கள் கேட்டீர்களா?” என்றார். கேட்கவில்லை. கேட்டேன். சிலர் ஆமாம் என்றார்கள். சிலர் மேலே ஓர் எண், கீழே ஓர் எண் இருந்தால் வேறு என்னதான் செய்வது என்றார்கள். இரண்டும் வேறு வேறு சிக்கல். புகழ்பவரைவிட இப்படிக் குடைபவர்தான் தேவை, அவர் கணக்கு ஆசிரியராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

அறிக்கை மதிப்பீட்டின்போது அந்தப் பெண் சொன்னதை ஆர்வத்தோடு விவரித்தேன். “ஒரு மாணவி சொன்னது எப்படி ஆய்வு முடிவாகும்? கருதுகோள் ஏற்கப்பட்டதா, நிராகரிக்கப்பட்டதா, அதைச் சொல்லுங்கள்” என்றார்கள். படிவத்தில் அவளுக்கு இடமில்லை. பின்னிணைப்பில் அரைப் பக்கம் கிடைத்தது. ஐந்து பிரதி, கெட்டி அட்டை, தங்க எழுத்து.

அறிக்கை இதழில் வெளியானால் நல்லது என்ற பேச்சு வந்ததும் என் வாட்ஸ்அப்புக்கு ஓர் அழைப்பு வந்தது. பன்னாட்டு ஆய்விதழ், ஐ.எஸ்.எஸ்.என். எண் உண்டு, மின்சான்றிதழ் உண்டு. அனுப்பிய மறுநாளே ஏற்பு. 2,500 ரூபாய் கட்டினேன். வெளிவந்த கட்டுரையில் என் அட்டவணை ஒன்று தலைகீழாக இருந்தது, பக்கத்துக் கட்டுரை கோழிப்பண்ணையைப் பற்றியது. மாநாடு இன்னொரு கூத்து. 1,200 கட்டிப் பதிவு செய்தவர்களுக்கு ஆளுக்கு நான்கு நிமிடம், பிறகு குழுப் புகைப்படம். இதை நன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள்: ஐ.எஸ்.எஸ்.என். என்பது தொடர் வெளியீடுகளை அடையாளம் காண்பதற்கான எண் மட்டுமே, உள்ளே இருப்பதன் தரத்துக்கு அது எந்த உத்தரவாதமும் தருவதில்லை. ஏற்கத்தக்க ஆய்விதழ்களின் பட்டியலான யூ.ஜி.சி. கேரில் இருப்பதாக யாராவது இன்றும் சொன்னால், 2019-இல் தொடங்கிய அந்தப் பட்டியலையே பல்கலைக்கழக மானியக் குழு 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது என்று பதில் சொல்லுங்கள். ஒரே நாளில் ஏற்பு, திருத்தம் ஒன்றுகூடக் கேட்காதது, எல்லாத் துறைக்கும் ஒரே இதழ், பணம் கட்டும் இணைப்பு முதல் செய்தியிலேயே வருவது, இவற்றில் இரண்டு இருந்தாலே விலகிவிடுங்கள்.

என் கண்டுபிடிப்பு உண்மையில் பரவியது, அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவளமையக் கூட்டத்தில்தான். தேநீர் இடைவேளையில் மதிப்பெண் கதையைச் சொன்னேன். மூன்று பள்ளிக் கணக்கு ஆசிரியர்கள் தங்கள் வகுப்பில் கேட்டுப் பார்த்துவிட்டு அடுத்த கூட்டத்துக்கு வந்தார்கள். அதில் ஒருவர், தன் பிள்ளைகள் கிரிக்கெட் ஓவர் கணக்கையும் இப்படியே பார்க்கிறார்கள் என்றார். ஜப்பானில் ஆசிரியர்கள் ஒரு பாடத்தைச் சேர்ந்து திட்டமிட்டு, ஒருவர் நடத்த மற்றவர்கள் பிள்ளைகளைக் கவனித்து, பிறகு உட்கார்ந்து பேசுவது நெடுங்கால வழக்கம். நாங்கள் அந்த அளவுக்கு எல்லாம் போகவில்லை. மாதம் ஒரு பதிவைச் சேர்ந்து கேட்கிறோம், அவ்வளவுதான். 2020 தேசியக் கல்விக் கொள்கை ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரத் தொழில்முறை மேம்பாடு என்கிறது. அதில் சில மணி நேரத்தை இப்படிச் செலவிட அனுமதித்தால் என் 9,300 ரூபாயை நான் மறந்துவிடுவேன்.

பருவ முடிவில் 1/2 + 1/3 கணக்கைத் தந்தபோது 34 பேரில் 27 பேர் 5/6 எழுதினார்கள். மீதி ஏழு பேரில் ஐவருக்குப் பின்னத்தில் சிக்கல் இல்லை, பெருக்கல் வாய்ப்பாடு தெரியாததால் பொதுப் பகுதிக்கு மாற்ற முடியவில்லை. பட்டையை மடிக்கக் கொடுத்தால் சரியாகச் சொல்கிறார்கள், எண்ணாக எழுதச் சொன்னால் நிற்கிறார்கள். அவர்கள் இப்போது ஏழாம் வகுப்பில், என்னிடம்தான் படிக்கிறார்கள். இந்த ஆண்டு நோட்டில் முதல் பக்கத்துக் கேள்வி அவர்களைப் பற்றியது. படிவம் எதுவும் நிரப்பவில்லை.